புழக்கடையில் கல்தளம்: ஒரே மூச்சில் போடுவதா, கட்டம் கட்டமாகவா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சியாகிவிட்டது. பின்வாசலைத் திறந்தால் வெறும் செம்மண். துவைக்கும் கல் போட இடம் வேண்டும், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார ஒரு தளம் வேண்டும், சரிவான மனையாக இருந்தால் தடுப்புச் சுவர் வேண்டும், சுற்றிலும் காம்பவுண்டு வேண்டும். கையில் இருப்பதோ பாதிப் பணம். இந்த நிலையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. கணக்குகள் எல்லாம் 30 அடிக்கு 20 அடி, அதாவது 600 சதுர அடிப் புழக்கடையை வைத்துப் போட்டவை. உங்கள் அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரே வரியில் சொல்லுங்கள். பிரித்துச் செய்யலாமா, கூடாதா?

மண்ணுக்கு அடியில் போகிறதை ஒரே தவணையில் முடியுங்கள். மண்ணுக்கு மேலே தெரிகிறதை எத்தனை தவணையாகவும் போடலாம். மட்டம் குறிப்பது, வடிகால், குழாய்கள், தடுப்புச் சுவர், கெட்டிப்படுத்திய அடித்தளம் ஆகியவை முதல் வகை. பேவர் பிளாக், கிரானைட் பலகை, திண்ணை, படிக்கட்டின் மேல்கல், செடிப் பாத்தி ஆகியவை இரண்டாம் வகை.

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற பேவரை முதலில் போட்டு, வடிகாலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுகிறார்கள். அடுத்த வருஷம் குழாய்க்கு வெட்டும்போது போட்ட தளத்தின் ஓரத்திலேயே பள்ளம் விழுகிறது. பேவருக்கு அடியில் இருக்கும் மணல் அந்தப் பள்ளத்தில் சரிந்து இறங்கிவிடும். குழியை மூடி எவ்வளவு அழுத்தினாலும், அந்த ஓரத்து இரண்டு மூன்று வரிசை அடுத்த மழையில் தாழ்ந்துபோகும்.

எப்போது பிரிக்கவே கூடாது?

மூன்று சூழ்நிலைகள். ஒன்று, பின்பக்கத்துக்கு வண்டி போகும் வழி இப்போது மட்டும்தான் திறந்திருக்கிறது. பக்கத்து மனைக்காரர் வீடு கட்ட ஆரம்பித்ததும் அடைபட்டுவிடும் என்றால், கனமான வேலை அத்தனையையும் இப்போதே முடித்துவிட வேண்டும். இரண்டு, மனை சரிவாக இருந்து, வீட்டு அஸ்திவாரத்துப் பக்கம் மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்றால் தடுப்புச் சுவரும் வடிகாலும் சேர்ந்தே வர வேண்டும். மூன்று, மொத்த இடமே 200 சதுர அடிக்குள் என்றால் பிரிப்பதில் பொருளே இல்லை. டிப்பர் நடை, அழுத்தும் மிஷின் வாடகை, மேஸ்திரி முன்பணம் எல்லாவற்றையும் இரண்டு முறை கொடுப்பதுதான் மிச்சமாகும்.

பணம் முழுசாக இருந்தாலும் பிரித்துச் செய்வது நல்லது என்கிறார்களே, உண்மையா?

புது வீட்டுக்கு உண்மைதான். கடைக்கால் தோண்டிய மண்ணைத்தான் வீட்டைச் சுற்றிக் கொட்டி நிரவியிருப்பார்கள். சுவரை ஒட்டி மூன்று நான்கு அடி அகலத்துக்கு அது கொட்டிய மண், தானாக உட்கார்ந்த மண் இல்லை. வெளியே கெட்டியாகத் தெரியும். ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பாருங்கள்: வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி அரை அடிகூட இறங்காத கம்பி, சுவரோரம் முழங்கை அளவு இறங்கும். அந்த மண்மேல் உடனே தளம் போட்டால், முதல் பெரிய மழைக்குப் பிறகு தளம் வீட்டை நோக்கிச் சரியும். தண்ணீர் வெளியே ஓடாமல் சுவர் அடியில் தேங்கும். உள்ளே சமையலறைச் சுவரில் ஓதம் ஏறுவதற்கு இது போதும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. அந்த மண்ணை அள்ளிவிட்டு, ஆறு முதல் ஒன்பது அங்குலம் வரையிலான அடுக்குகளாகத் தண்ணீர் தெளித்து, ராமர் எனப்படும் மண் இடிக்கும் கருவியால் இடித்து நிரப்புவது ஒரு வழி. முதல் கட்டத்தில் மட்டம், வடிகால், குழாய் எல்லாம் முடித்துவிட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க மண்ணைத் தானாக உட்கார விட்டு, பிறகு மேல்தளம் போடுவது இன்னொரு வழி. பணம் இல்லாத காத்திருப்பு இங்கே வேலையாகவே மாறிவிடுகிறது. கரிசல் மண் திட்டு இருக்கும் மனையில் மட்டும் காத்திருப்பு உதவாது. கோடையில் விரல் நுழையும் வெடிப்பு விட்டால் அது கரிசல். ஒன்பது அங்குலம் முதல் ஓரடி வரை எடுத்துவிட்டு, கிராவல் மண் போட்டு அழுத்தித்தான் ஆக வேண்டும். மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண்மேல் எந்தத் தளமும் சமமாக நிற்காது.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் எல்லை. எஃப்.எம்.பி எனப்படும் நில அளவை வரைபடத்தை எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகே மற்றதெல்லாம். காம்பவுண்டு கட்டிய பிறகு அரை அடி தகராறு வந்தால் இடிக்க வேண்டியது தளத்தையும் சேர்த்துத்தான்.

அடுத்து மட்டம் குறிப்பது. பிறகு ஜேசிபி வேலை, தடுப்புச் சுவர், குழாய்களும் வடிகாலும், அடித்தளம். இதுவரைக்கும் முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் வீட்டை ஒட்டிய தளமும் துவைக்கும் இடமும். மூன்றாம் கட்டத்தில் மீதித் தளம், திண்ணை, பாத்தி ஓரக்கல், விளக்கு. காம்பவுண்டில் வண்டி வரும் திறப்பை மட்டும் கடைசியில் மூடுங்கள். வேலை எப்போதும் தூரத்து மூலையில் தொடங்கி வெளியே போகும் வழியை நோக்கி வர வேண்டும். போட்ட தளத்தின் மேல் ஜல்லி லோடு ஏறுவதைத் தவிர்க்க வேறு வழி கிடையாது.

அப்படியானால் வீட்டை ஒட்டிய தளத்தை ஏன் முதலில் போடச் சொல்கிறோம் என்று கேட்கலாம். வண்டி வழி பக்கவாட்டில் தனியாக இருந்தால் மட்டுமே அது சரி. வீட்டை ஒட்டித்தான் வழி என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்; தூரத்துப் பாதி முதலில், வீட்டோரம் கடைசியில்.

மட்டம் குறிப்பது என்றால் என்ன? மேஸ்திரி பார்த்துக்கொள்ள மாட்டாரா?

ஒரே மேஸ்திரி மூன்று கட்டத்துக்கும் வருவார் என்பது உறுதியில்லை. எனவே மட்டம் உங்கள் சுவரிலேயே இருக்க வேண்டும். முழுப் புழக்கடைக்கும் முடிந்த மட்டத்தை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள், இப்போது பத்தடிதான் போடப் போகிறீர்கள் என்றாலும்.

ஒரு எடுத்துக்காட்டு. பின்வாசல் நிலைப்படியின் மேல்மட்டத்தைப் பூஜ்யமாக வையுங்கள். வீட்டை ஒட்டிய தளம் அதைவிடக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் அடைமழையில் தெறிக்கும் தண்ணீரும் பேஸ்மெண்டுக்கு மேல் ஏறாது. அங்கிருந்து வெளிப்பக்கம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். 20 அடி போனால் 4 அங்குலம். ஆக, தூரத்து விளிம்பு நிலைப்படியிலிருந்து 10 அங்குலம் கீழே. தளத்தின் மொத்தக் கனம் ஒன்பதரை அங்குலம் என்றால், தோண்ட வேண்டிய அடிமட்டம் வீட்டோரம் பதினைந்தரை அங்குலம், தூரத்தில் பத்தொன்பதரை அங்குலம். மண்ணைத் தோண்டும்போதே வாட்டம் கொடுத்துவிட வேண்டும். அடியைச் சமமாக வெட்டிவிட்டு மணலை ஒரு பக்கம் கனமாகப் போட்டு வாட்டம் கொண்டுவந்தால், மணல் கனமாக இருக்கும் பக்கம் சீக்கிரம் அமுங்கிப் பள்ளமாகும்.

அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் போதும். டியூப்புக்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். ஒரு முனையை நிலைப்படியில் வைத்து, மறுமுனையைக் காம்பவுண்டுத் தூணில் வைத்து, தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் கீறிப் பெயின்ட் வையுங்கள். நான்கு மூலையிலும் அதே மாதிரி. இந்தக் கோடு அழியாமல் இருந்தால், மூன்று வருஷம் கழித்து வேறொரு மேஸ்திரி வந்தாலும் இரண்டு தளமும் ஒரே மட்டத்தில் சேரும்.

பின்னாடி என்ன வரும் என்று இப்போதே தெரியாதே. எந்தெந்தக் குழாயைப் புதைத்து வைப்பது?

எது வரும் என்று தெரியாததால்தான் காலிக் குழாய். நான்கு அங்குல பி.வி.சி குழாய் இரண்டை, தளத்துக்குக் குறுக்கே ஒன்றரை அடி முதல் இரண்டடி ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஓரடி தள்ளிப் புதையுங்கள். ஒன்று மின்சார கேபிளுக்கு, மற்றொன்று தண்ணீருக்கு. உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு, இரு முனையும் மூடி போட்டு அடையுங்கள். மூடி இல்லாவிட்டால் ஒரே மழையில் மண் புகுந்து அடைத்துவிடும். பிறகு போர் மோட்டார் லைன், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்பிலிருந்து சம்ப்புக்குப் போகும் லைன், மாட்டுக் கொட்டகைக்கு விளக்கு, எது வந்தாலும் கயிற்றில் கட்டி இழுத்தால் போதும்.

கழிவுநீர்த் தொட்டி மேலே நிரந்தரத் தளம் வேண்டாம். மேன்ஹோல் மூடி தளத்தின் மட்டத்துக்கு வரும்படி கழுத்தை உயர்த்திக்கொள்ளுங்கள். மூடியைப் பேவருக்கு அடியில் மறைத்துவிட்டு, எங்கே இருந்தது என்று கடப்பாரையோடு தேடும் நிலை வரக் கூடாது.

மழைத்தண்ணீர் எவ்வளவு வரும்? இந்த வறண்ட ஊருக்கு வடிகால் அவ்வளவு முக்கியமா?

வறண்ட ஊர்தான். ஆனால் பெய்யும் மழை சில நாட்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. அப்படி ஒரு மழையை யாராலும் குழாய் போட்டுச் சமாளிக்க முடியாது. வழிந்தோடும் பாதை இருந்தால் வீடு தப்பும், அவ்வளவுதான்.

சாதாரண கனமழைக்குக் கணக்கு இது: 600 சதுர அடித் தளத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 2,800 லிட்டர் சேரும். மொட்டைமாடித் தண்ணீரும் பின்பக்கமே இறங்கினால், 1,000 சதுர அடி மாடிக்கு அதோடு 4,600 லிட்டர் கூடும். மாடிக் குழாயைத் தளத்தின் மேல் விடாமல் தனிக் குழாயில் நேராக வெளியே கொண்டுபோங்கள்.

தளத்தின் தாழ்ந்த ஓரம் முழுக்க 9 அங்குல அகல வாய்க்கால், மேலே துளையிட்ட கல் மூடி. வாய்க்கால் முடியும் இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத் தொட்டி. வெளியேறும் குழாய் அதன் அடியிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும். மண்ணும் மாவிலையும் அடியில் தங்கும், அள்ளிவிடலாம். அங்கிருந்து 6 அங்குலக் குழாய், நூறுக்கு ஒன்று என்ற வாட்டத்தில். 30 அடிக்கு மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல்.

மழைநீர்க் குழி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கடி விட்டம், ஆறடி ஆழத்துக்கு உறை இறக்கிக் காலியாக விட்டால் 2,100 லிட்டர் பிடிக்கும். அதே குழியைக் கல்லும் ஜல்லியும் போட்டு நிரப்பினால் இடுக்குகளில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும், பாதிகூடப் பிடிக்காது. எப்படி வைத்தாலும் வழிந்து தெருவுக்குப் போக ஒரு குழாய் கட்டாயம். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அதில் சேர்க்கவே கூடாது. சோப்புப் படலம் மண்ணின் கண்ணை அடைத்துவிடும். அது வாழைக்குப் போகட்டும்.

மனை சரிவாக இருக்கிறது. தடுப்புச் சுவரை அடுத்த வருஷம் கட்டலாமா?

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போன்ற மலைச்சரிவு ஊர்களில் அதிகம் வரும் கேள்வி. மேலே தளம் போடுவதாக இருந்தால் சுவர் முதலில். சுவரைத் தள்ளிப்போடுவதாக இருந்தால், சரிவின் விளிம்பிலிருந்து சுவர் உயரத்தோடு இரண்டடி கூட்டி அந்தத் தூரத்துக்குத் தளமே வேண்டாம். நான்கடிச் சுவர் என்றால் ஆறடி விட்டுவிடுங்கள். பின்னாளில் கடைக்கால் தோண்டும்போது சரியப்போவது அந்த ஆறடிதான்.

நான்கடி உயரம் வரை கருங்கல் கட்டு போதுமானது, நம் பக்கம் கல்லுக்குக் குறைவும் இல்லை. கடைக்கால் 3 அடி அகலம், 2 அடி ஆழம். தரைமட்டத்தில் சுவர்க் கனம் இரண்டேகால் அடி, உச்சியில் ஒன்றேகால் அடி. 30 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 390 கன அடி கட்டுவேலை வரும். அதற்கு 5 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கல், 1:6 கலவைக்கு 18 முதல் 20 மூட்டை சிமெண்ட், ஒன்றரை யூனிட் எம்-சாண்ட்.

சுவர் விழுவது மண் தள்ளுவதால் மட்டும் இல்லை, பின்னால் தேங்கும் தண்ணீர் தள்ளுவதாலும்தான். தரையிலிருந்து ஓரடி மேலே தொடங்கி, நான்கைந்து அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சாய்வாக வையுங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி நிரப்புங்கள். ஜல்லி போடாமல் குழாய் மட்டும் வைத்தால், இரண்டு மழையில் செம்மண் வந்து குழாயை அடைத்துவிடும். சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கற்களை ஐந்தடிக்கு ஒன்றாவது வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்முகமும் பின்முகமும் தனித்தனியாகப் பிரிந்து வயிறு தள்ளும். நான்கடிக்கு மேல் உயரம் போனால், அல்லது மேலே வண்டி நிற்கும் என்றால், பொறியாளர் வரைபடம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

600 சதுர அடிக்கு எவ்வளவு பொருள் பிடிக்கும்?

60 மி.மீ. பேவர், அடியில் 30 மி.மீ. மணல், அதற்கடியில் 6 அங்குல வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது). மொத்தம் 240 மி.மீ., அதுதான் முன்பு சொன்ன ஒன்பதரை அங்குலம். தோண்டி எடுக்கும் மண் நிலத்தில் 475 கன அடி. வெளியே எடுத்தால் உப்பி 6 யூனிட்டுக்கு மேல் வரும். அதை எங்கே கொட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். வெட்மிக்ஸ் அழுத்தியபின் 300 கன அடி வேண்டும். லோடாக 4 யூனிட் சொல்லுங்கள். எம்-சாண்ட் இடுக்கு நிரப்புவதையும் சேர்த்து 80 கன அடி. செவ்வகப் பேவர், 200-க்கு 100 மி.மீ. அளவு, சதுர மீட்டருக்கு 50. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 2,930. எடை ஏறக்குறைய ஏழரை டன் முதல் எட்டு டன். ஓரக்கல் வீட்டுப் பக்கம் தவிர மூன்று பக்கமும் 70 அடி.

ஆள் நடமாட்டமும் பைக்கும் மட்டும் என்றால் 60 மி.மீ., எம்-35 (கான்கிரீட்டின் வலிமை) தரம் போதும். கார் நிற்கும், தண்ணீர் லாரி வரும் என்றால் 80 மி.மீ., எம்-40, அடியில் 8 அங்குலம். பேவருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15658. வாங்கும்போது அந்த எண்ணைச் சொல்லிச் சோதனை அறிக்கை கேளுங்கள். நீர் உறிஞ்சும் அளவு சராசரியாக 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

வெட்மிக்ஸை மூன்று அங்குலமாக இரண்டு முறை பரப்பி, ஒவ்வொரு முறையும் ஈரமாக்கி மிஷின் ஓட்ட வேண்டும். ஆறு அங்குலத்தையும் ஒரே முறை கொட்டி மேலே ஓட்டினால் மேல் தோல் மட்டும்தான் கெட்டிப்படும். ஒரு கடப்பாரையின் கூர்முனையால் ஓங்கிக் குத்துங்கள். டங் என்று எகிறினால் சரி. முனை புதைந்து நின்றால் இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள்.

அடித்தளம் போட்டுவிட்டு ஒரு வருஷம் அப்படியே விடலாமா?

வெட்மிக்ஸ் வரைக்கும் விடலாம். நடக்கலாம், பைக் ஓட்டலாம், மழையிலும் சேறாகாது. மேலே உள்ள பொடி கொஞ்சம் அடித்துப்போகும். பேவர் போடும் முன் அரை அங்குலம் கூடுதலாகப் பரப்பி மறுபடி அழுத்தினால் போதும். களை முளைத்தால் வேரோடு பிடுங்குங்கள். ஆனால் பேவருக்கு அடியில் வரும் மணலை மட்டும் முன்கூட்டிப் பரப்பாதீர்கள். அது பேவர் போடும் அன்றைக்கே பரப்பி அன்றைக்கே மூட வேண்டியது.

பாதியில் நிறுத்தும் ஓரத்தை எப்படி விடுவது?

கட்டம் பிரிப்பதில் மிக அதிகமாகக் கெடுவது இந்த ஓரம்தான். வெட்மிக்ஸ் அடித்தளம், பேவர் முடியும் இடத்தைத் தாண்டி ஓரடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். கடைசி வரிசையை நேராக வெட்டி சிமெண்ட் பூசி முடிக்காதீர்கள். பல்வரிசை போல ஏற்ற இறக்கமாக விடுங்கள். அடுத்த கட்டத்தின் பேவர் அந்தப் பல்லுக்குள் கோத்துக்கொள்ளும். சேர்ந்த இடம் தெரியவே தெரியாது.

அதுவரை ஓரம் நகராமல் இருக்க, மூன்று அங்குல ஆங்கிளையோ பலகைக்கல்லையோ ஒட்டி வைத்து, மூன்றடிக்கு ஒரு கம்பி அடித்துப் பிடியுங்கள். வெளிப்புறம் செம்மண் அணைத்துவிடுங்கள். ஓரம் பிடிக்காத தளத்தில் முதலில் கடைசி வரிசை விலகும், இடுக்கு மணல் கொட்டும், பிறகு உள்வரிசைகள் ஆட ஆரம்பிக்கும். ஒரு வருஷத்தில் மூன்றடிக்கு உள்ளே வரை பரவிவிடும். அடுத்த கட்டத்தை ஆரம்பிக்கும்போது கடைசி இரண்டு வரிசையைப் பிரித்தெடுத்து, மணலை மறுபடி மட்டம் செய்து, புதியதோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து அதே நிறம் கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேவர் ஒவ்வொரு வார்ப்புக்கும் நிறம் மாறும், வெயிலில் வெளுக்கும். கிரானைட்டும் ஒரே குவாரியிலேயே லாட்டுக்கு லாட் மாறும். முழு அளவையும் இப்போதே வாங்கி நிழலில் அடுக்குவது ஒரு வழி. மற்றொன்று, பிரிக்கும் கோட்டையே வடிவமாக்குவது: இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ஓரடி அகலத்துக்குக் கறுப்புக் கிரானைட் பட்டை ஓடவிட்டால், அந்தப் பக்கம் வேறு நிறமாக இருந்தாலும் வேண்டுமென்றே செய்தது போலிருக்கும். எங்களுக்கு இரண்டாவதுதான் பிடித்தது, பணமும் முடங்காது.

பேவர், கல் பலகை, சிமெண்ட் தளம். பிரித்துப் போட எது வசதி?

பேவர். கழற்றி மாட்டலாம். இரண்டு மூன்று அங்குலக் கனமுள்ள கருங்கல் பலகையும் அப்படியே; மணல்மேல் உட்காரும், கடப்பாரையால் நெம்பி எடுக்கலாம், தலைமுறைக்கும் நிற்கும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து அறுவைப் பட்டறைகளில் கிடைக்கும் துண்டுக் கற்கள் விலை குறைவுதான். ஆனால் அவை 18, 20 மி.மீ. கனமே இருக்கும். அவற்றை மணலில் போட்டால் கால் வைத்ததும் உடையும். அடியில் 3 அங்குல கான்கிரீட்டும் சிமெண்ட் கலவையும் வேண்டும். பளபளப்புப் போட்ட முகத்தை மேலே வைக்காதீர்கள். துவைக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

சிமெண்ட் தளம் பிரித்துப் போட ஏற்றதல்ல. பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாது, சேரும் இடத்தில் விரிசல் வரும். வேறு வழியில்லை என்றால் பத்தடிக்குப் பத்தடி கட்டங்களாக, நடுவே இடைவெளிப் பட்டையோடு போடுங்கள்.

ஜேசிபி உள்ளே வர எவ்வளவு இடம் வேண்டும்? காம்பவுண்டை எப்போது மூடலாம்?

வழக்கமான ஜேசிபியின் அகலம் ஏழரை அடியை ஒட்டி வரும். பத்தடித் திறப்பு இருந்தால் சிரமமின்றி நுழையும். ரெடிமேட் காம்பவுண்டு போடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: தூண்களின் காடியில் பலகைகள் செருகப்பட்டிருப்பதால், கலவை பூசாமல் விட்டால் பிறகு உருவி எடுக்கலாம். ஆனால் ஒரு கண்ணியின், அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின், அகலத்தில் ஜேசிபி நுழையாது. அடுத்தடுத்த இரண்டு கண்ணியையும் நடுத்தூணையும் கழற்றும்படி விட்டு வையுங்கள்.

இதைவிட முக்கியமானது போர்வெல். ஆயிரம் அடி தாண்டிய போர்கள் இருக்கும் ஊர் இது. இருக்கிற போர் வற்றினால் புதுப் போர் போட லாரி உள்ளே வர வேண்டும். அடுத்த போர் எங்கே என்று ஒரு இடத்தை மனதில் வைத்து, அதற்கு வண்டி வழியை விட்டுவிட்டுத் தளம் போடுங்கள். இருக்கிற போரைச் சுற்றி மூன்றடிச் சதுரம் திறந்த ஜல்லியாக இருக்கட்டும். அதற்கு நேர் மேலே ஷீட் கூரை போடாதீர்கள். மோட்டாரோடு குழாயைத் தூக்க உயரம் வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

தை, மாசியில் தோண்டுங்கள். பங்குனிக்குள் சுவரும் வடிகாலும் முடியட்டும். சித்திரை வெயிலில் கான்கிரீட் போட்டால் தண்ணீர் கட்டுவது பெரும்பாடு, போரிலும் தண்ணீர் இறங்கியிருக்கும். ஆவணியிலிருந்து கார்த்திகை வரை மழையைப் பாருங்கள்: எங்கே தேங்குகிறது, எங்கே அரிக்கிறது, எந்த மூலை தாழ்கிறது. குடை பிடித்துக்கொண்டு ஒருமுறை பின்பக்கம் நின்று பார்த்தால் எந்த வரைபடத்திலும் இல்லாதது தெரியும். சரிசெய்துவிட்டு அடுத்த தையில் மேல்தளம்.

பிரித்துச் செய்தால் மொத்தச் செலவு கூடுமா? கடன் வாங்கி ஒரேயடியாக முடிப்பது மேலா?

கூடும். மிஷின் வாடகை, குறைந்த லோடுக்கும் முழு நடைக் காசு, ஓரத்தைப் பிரித்துச் சேர்க்கும் கூலி, பொருள் விலையேற்றம். இவற்றை மேஸ்திரியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் வட்டியை எழுதுங்கள். 2 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 24 மாதத் தவணைக்கு எடுத்தால் மாதம் சுமார் 9,415 ரூபாய், மொத்த வட்டி ஏறக்குறைய 26,000. பிரிப்பதால் கூடும் செலவு அதற்குக் கீழே என்றால் காத்திருங்கள். சீட்டு எடுக்கும் மாதத்தைப் பார்த்து இரண்டாம் கட்டத்தை வைத்துக்கொள்ளலாம். முதல் கட்டத்துக்கு மட்டும் பணம் போதாமல் இருந்தால் கொஞ்சம் கடன் வாங்குவதைக்கூடத் தவறென்று சொல்ல மாட்டோம். அடிவேலையைப் பாதியில் விடுவதுதான் பெரிய நஷ்டம்.

மாமரமும் தென்னையும் இருக்கின்றன. தளம் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

தென்னைக்குச் சுற்றிலும் ஐந்தடி. மாமரத்துக்கு முடிந்தவரை கிளை விரிந்த அளவுக்கு. முடியாவிட்டால் எட்டடியாவது விட்டு, அதற்கப்பால் பேவர். அடிமரத்தைச் சுற்றி மண்ணை உயர்த்தாதீர்கள், பட்டை அழுகும். கை கனத்துக்கு மேல் உள்ள வேரை வெட்ட வேண்டி வந்தால், மரத்தை விட்டுத் தளத்தின் கோட்டை வளையுங்கள்.

முதல் கட்டம் முடிந்ததும் எதை எழுதி வைக்க வேண்டும்?

குழியை மூடும் முன், குழாய்க்குப் பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுங்கள். அளவுகளை வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து எழுதுங்கள்: "சமையலறை மூலையிலிருந்து 11 அடி, குளியலறை மூலையிலிருந்து 14 அடி, ஆழம் ஒன்றரை அடி" என்கிற மாதிரி. மரத்திலிருந்தோ துவைக்கும் கல்லிலிருந்தோ அளக்காதீர்கள், அவை இடம் மாறும். நிலைப்படியிலிருந்து எடுத்த மட்டங்கள், வாங்கிய பேவரின் அளவு, தரம், நிறத்தின் பெயர், வாங்கிய பில், எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். இருபது முப்பது பேவரை எடுத்து மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிடுங்கள். உடைந்த கல்லை மாற்றும் நாளில், வெளுக்காத அந்தக் கற்களை அப்படியே போட்டால் புள்ளியாகத் தெரியும். ஓரத்து மூலையிலிருந்து பழைய கல்லை எடுத்து நடுவில் மாற்றிவிட்டு, புதியதை மூலையில் போடுங்கள்.